ஈரக் கழிவு போக பன்னிரண்டே முக்கால்

கொப்பரை நிறுக்கும் தூக்குக்கோலின் கொக்கியில் ஒரு சாக்கு தொங்கிக்கொண்டிருந்தது. சாக்குக்குள் நான்கு வயது கமலா இருந்தாள். வெளியே தெரிந்தவை இரண்டு கண்களும் ஒரு வாயும்தான். கண்கள் என்னை முறைத்தன. வாய், எடை போட்டுக்கொண்டிருந்த மீரான் பாயின் தாடியைக் குறிபார்த்துத் துப்பியது.

“காச்சல் வந்த புள்ளையா இது?” என்றார் பாய், தோள்துண்டால் தாடியைத் துடைத்துக்கொண்டே. “துப்பு நாலடி தாண்டுதே தம்பி.”

பிறகு கோலின் மேல் இருந்த இரும்புக் குண்டை முன்னும் பின்னும் நகர்த்தினார். அந்தக் கோலில் ஒரு காலத்தில் எண்கள் இருந்தன. உப்புக் காற்று அவற்றைத் தின்றுவிட்டது. எந்தக் கீறல் எந்த எண் என்பது உலகத்தில் பாய் ஒருவருக்குத்தான் தெரியும். குண்டு ஓரிடத்தில் நின்றது. அவருடைய உதடுகள் எதையோ முணுமுணுத்தன. குழந்தைக்காக ஏதோ ஓதுகிறார் என்று நினைத்து நானும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பதிமூணரை,” என்று கடற்கரை முழுவதும் கேட்கும்படி அறிவித்தார். எடையை மெதுவாகச் சொன்னால் சந்தேகம் வரும் என்பது கொப்பரை வியாபாரத்தில் அவர் கற்ற பாடம்.

நான் குறித்துக்கொண்டேன். நிக்கோபாரின் கட்சால் தீவில் ரப்பர் தோட்டம் போட ஆரம்பித்திருந்த காலம் அது. எழுபதுகளில் ஏதோ ஒரு வருஷம், மழை ஓயலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மாதம். தோட்ட மருந்தகத்தில் நான் ஸ்டோர் கிளார்க். கம்பவுண்டர் பதவி காலியாக இருந்ததால் கம்பவுண்டரும் நானே. பெருக்குகிறவர் பதவியும் காலிதான். அதைப் பற்றி எழுதினால் அத்தியாயம் நீண்டுவிடும்.

குழந்தையைக் கொப்பரைக் கடையில் ஏன் நிறுத்தோம் என்று கேட்பீர்கள். தீவில் வேறு தராசு இல்லை. மருந்தகச் சுவரில் டாக்டர் ஒட்டி வைத்திருந்த அட்டவணையோ, குழந்தைகளுக்கு மலேரியா மாத்திரையை எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. பதின்மூன்று கிலோவில் சிவப்பு மையால் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்குக் கால் மாத்திரை. மேலே என்றால் அரை. அவ்வளவுதான் எங்கள் குழந்தை வைத்தியம்.

செலவாகாத மருந்து

கப்பலில் நான் வாந்தி எடுத்த கதையை இந்தத் தொடரில் இரண்டு வாரம் எழுதியிருக்க வேண்டாம் என்று கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, எடுத்தது நான்கு நாள். சுருக்கித்தான் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் அதே கப்பலில் வராத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்.

குழந்தை மருந்து எங்களுக்கு வருவதே இல்லை. தித்திப்பாக, கலங்கலாக, பாட்டிலில் அளவுக் கோடு போட்டு, கூடவே ஒரு சின்ன மூடி வைத்து வருமே, அது. இந்தியாவில் அது இருந்தது. அரசாங்கத்திடமும் இருந்தது. போர்ட் பிளேர் கிடங்கில் அடுக்கி வைத்திருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். எங்களுக்கு மட்டும் வரவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை மருந்து கேட்டு இன்டென்ட் அனுப்ப வேண்டும். அதில் ‘சென்ற ஆண்டு செலவு’ என்று ஒரு கட்டம். எவ்வளவு செலவானதோ அதையொட்டித்தான் கிடைக்கும். எங்கள் மருந்தகத்தின் முதல் வருஷத்தில் தோட்டத்தில் இருந்தவர்கள் காடு வெட்ட வந்த ஆண்கள் மட்டும். நிக்கோபாரி கிராமங்களுக்கு வேறு மருந்தகம் இருந்தது. ஆகவே குழந்தை மருந்து செலவு: பூஜ்யம்.

அடுத்த வருஷம் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பங்கள் வந்து இறங்கின. தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் முழுக்கப் பிள்ளைகள். ஆனால் போன வருஷச் செலவு பூஜ்யம் என்பதால் குழந்தை மருந்து வரவில்லை. வராததால் செலவாகவில்லை. செலவாகாததால் அதற்கடுத்த வருஷமும் வரவில்லை.

இதை விளக்கிச் சொல்ல நான் போர்ட் பிளேர் வரை போனேன். கிடங்கில் இருந்த வங்காளி பாபு பொறுமையாகக் கேட்டார். டீ கொடுத்தார். பிறகு தீவுகளின் பொது மொழியான இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கர்ச் நஹீ ஹுவா, தோ ஜரூரத் கஹாங் ஹை?”

செலவே ஆகவில்லையே, தேவை எங்கே இருக்கிறது என்று அர்த்தம். நான் தர்க்க சாஸ்திரம் கொஞ்சம் படித்தவன். கப்பலில் திரும்பி வரும்போது வழி நெடுக யோசித்தேன். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. கட்சாலுக்குக் குழந்தை மருந்து கடைசியில் வந்ததாகக் கேள்வி. நான் மாற்றலாகி வந்த பிறகு.

கால் மாத்திரைக் கலை

எனவே பெரியவர்களுக்கான மாத்திரையை வெட்டினோம். வெட்டினோம் என்றால் வெட்டினேன்.

சவர பிளேடு ஒன்று, பீங்கான் தட்டு ஒன்று, அடக்கிய மூச்சு ஒன்று. கட்சாலின் ஈரக் காற்றில் மாத்திரை கல்யாண வீட்டு அப்பளம் மாதிரி நமுத்துப் போயிருக்கும். பிளேடை வைத்தால் சில நாள் நான்காகும். சில நாள் பதினான்காகும். ஆரம்பத்தில் என் கால்களில் ஒன்று பெரிதாகவும் ஒன்று தும்மினால் பறப்பதாகவும் இருந்தன. ஆறு மாதத்தில் தேறிவிட்டேன். ஏதாவது ஒரு துறையில் நான் நிபுணன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால் அது இதுதான். இதற்கு வெளியுலகில் வேலை எதுவும் இல்லை.

வெட்டுவது சுலபம். விழுங்க வைப்பதுதான் பாடு. அந்த மாத்திரையின் கசப்பைச் சொல்லித் தெரிய வைக்க முடியாது. பாகற்காய் அதன் முன்னால் பாயசம். சர்க்கரையில் கலந்து கொடுக்கலாம், சர்க்கரை ரேஷன். தேங்காய்த் துருவலில் புதைத்துப் பார்த்தோம். வாழைப்பழத்துக்குள் செருகிப் பார்த்தோம். ஒவ்வொரு கலவையையும் குழந்தைக்குக் கொடுக்கும் முன் ருசி பார்ப்பது கம்பவுண்டரின் கடமை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மருந்து கலப்பதற்கு முன்னால் பார்க்கும் ருசி அது. இரண்டு வருஷத்தில் எவ்வளவு தேங்காயும் பழமும் கடமைக்காகச் சாப்பிட்டேன் என்பதற்கு என் கால்சட்டை சாட்சி சொல்லும். உண்மையிலேயே சொன்னது. அதற்கு வருகிறேன்.

கொழுகொழு பாட்டில்

அரசாங்கம் தராவிட்டால் காசு கொடுத்து வாங்கலாமே என்று தோன்றும். கமலாவின் அப்பா ராமையாவுக்கும் தோன்றியது.

போர்ட் பிளேரில் அபர்டீன் பஜாரில் ஒரு மருந்துக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அந்த பாட்டில் இருந்தது. லேபிளில் கொழுகொழுவென்று ஒரு குழந்தையின் படம். அந்தக் குழந்தைக்கு எந்த மருந்தும் தேவைப்படாது என்பது பார்த்தாலே தெரியும். ஒரு பாட்டிலுக்கு ராமையா எட்டு நாள் ரப்பர்க் கன்று நட வேண்டும். அதுவும் பாட்டில் தானாக நடந்து கட்சாலுக்கு வந்தால். போர்ட் பிளேர் போகிற கப்பலில் யாரையாவது பிடித்து, அவர் வாங்கி, அவர் திரும்பும் வரை காய்ச்சலைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும்.

“வித்துப்போட என்ன இருக்குன்னு பாத்தேனுங்க,” என்றான் ராமையா ஒரு நாள். “சிலோன்ல இருந்து கொண்டாந்த கம்பளி ரெண்டு இருக்கு. இந்தப் புழுக்கத்துல அத எவன் வாங்குவான்?”

ஒரு முறை தோட்டத்து மேஸ்திரி வீட்டுக்கு அந்த பாட்டில் ஒன்று வந்துவிட்டது. லயத்துப் பெண்கள் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மருந்து தீர்ந்த பிறகும் அந்த வீட்டுக்காரி பாட்டிலை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். விழுந்து கும்பிட்டவர்கள் சாமியைக் கும்பிட்டார்களா பாட்டிலையா என்று நான் விசாரிக்கவில்லை.

மறுபடியும்

கமலாவுக்கு வருவோம். பாய் அறிவித்த எடையை நான் எழுதி, டாக்டரிடம் கொடுத்து, அவர் அட்டவணையைப் பார்த்து, கால் மாத்திரை வீதம் மூன்று நாள் கொடுத்தோம். காய்ச்சல் நின்றது. எட்டாம் நாள் திரும்பி வந்தது. மறுபடி நிறுத்து, மறுபடி கால், மறுபடி மூன்று நாள். மறுபடி நின்றது. மறுபடி வந்தது.

அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற காய்ச்சல். காலை பத்து மணிக்குக் குளிரெடுக்கும். கட்சாலில் எதுவும் நேரத்துக்கு வராது. இது மட்டும் வரும். சிலோன் கம்பளி இரண்டையும் போர்த்தினாலும் பல் கிடுகிடுக்கும். பிறகு உடம்பு காயும். துப்பிக்கொண்டிருந்தவள் துப்புவதை நிறுத்தினாள். அதைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயம் வந்தது.

“இவள் மருந்து விழுங்குன்னில்லா,” என்றார் டாக்டர் தாமஸ். கோட்டயத்துக்காரர். வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தமிழ் பேசுவதாக உறுதியாக நம்பினார். “எங்கேயோ துப்புந்நு. கண்டுபிடிக்கணும் கிளார்க்கே.”

விசாரணைக் கமிஷனாக நான் லயத்துக்குப் போனேன். கமலாவின் அம்மா செல்லம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“துப்புனாளாமா? யாரு சொன்னா?”

“டாக்டர் சந்தேகப்படுகிறார் அம்மா.”

“கிளாக்கர் ஐயா, மொத நா துப்புனா, மெய்தான். அத நான் வழிச்சு மறுபடி வாயில போட்டேன். அதுக்கப்புறம் மூக்கப் புடிச்சு, வாயத் தொறந்து, நாக்கத் தூக்கி அடியில பாத்துட்டுத்தான் விட்டேன். ஒங்க ஸ்டோர்ல இப்புடிப் பாக்குறீங்களா?”

ஸ்டோரில் அப்படிப் பார்ப்பதில்லை. இருந்தாலும் கமிஷன் தன் வேலையைச் செய்தது. அடுப்பின் பின்புறம், படுக்கிற பாயின் அடிப்புறம் எல்லாம் தேடினேன். முற்றத்துக் கோழி மீதும் சந்தேகம் விழுந்தது. அதன் நடத்தையில் கசப்பு எதுவும் தெரியவில்லை.

“முழுங்குனா, ஆனா கேக்கல்லைங்க,” என்றான் ராமையா. அவன் குரல் உயராது. “மருந்துல சத்து இல்லையோ என்னமோ. இல்ல, எம்புள்ளைக்கு இனி கேக்காதோ.”

கமிஷன் அத்தோடு கலைந்தது. திரும்பி வந்து மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். கப்பல் மூன்று வாரம் பிந்தியிருந்தது. மழைக்குப் பிறகு தோட்டத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. டப்பாவில் இருந்தது ஒரே ஒரு மாத்திரை. அதையும் முன்யோசனையோடு நான்காக வெட்டி வைத்திருந்தேன். நான்கில் ஒன்று ஈரத்தில் கரைந்து டப்பாவோடு ஒட்டிப் போயிருந்தது.

போலீஸ் ஒயர்லெஸ்ஸில் போர்ட் பிளேருக்குச் செய்தி அனுப்பினோம். மாலையில் பதில் வந்தது. அடுத்த கப்பலில் வரும். அடுத்த கப்பல் எப்போது வரும் என்று கேட்டோம். அது வேறு இலாகா என்று பதில் வந்தது.

பட்டன் சொன்ன சாட்சி

டாக்டர் கடைசியாக ஒரு முறை எடை பார்க்கலாம் என்றார். இந்தத் தடவை அவரும் கொப்பரைக் கடைக்கு வந்தார். ராமையா கமலாவைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தான். சாக்கைக் கண்டதும் அவள் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சத்தமே வராத அழுகை.

“பயப்படக் கூடாது கமலா,” என்றேன். “இதோ பார், மாமா தொங்கறேன்.”

கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கித் தொங்கினேன். விட்டத்தில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. முறிந்தது விட்டமில்லை. என் கால்சட்டையின் மேல் பட்டன். அது தெறித்துப் போய் டாக்டரின் செருப்பருகே விழுந்தது.

பாய், பழக்க தோஷத்தில், குண்டை நகர்த்தி முணுமுணுத்து அறிவித்தார்: “அம்பத்தஞ்சரை.”

எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. வேலையில் சேர்ந்தபோது மருத்துவப் பரிசோதனையில் ஐம்பத்தாறு. இரண்டு வருஷத் தீவு வாழ்க்கையில் அரைக் கிலோ இளைத்திருக்கிறேன். இறங்கி, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் இளைத்தவனைப் போலவே நின்றேன்.

டாக்டர் குனிந்து பட்டனை எடுத்தார். பட்டனைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். தூக்குக்கோலைப் பார்த்தார்.

“கிளார்க்கே. பட்டன் கள்ளம் பறையில்லா.”

“புரியவில்லை டாக்டர்.”

“பட்டன் பொய் சொல்லாது. பாய், நிங்கள் முணுமுணுத்தது எந்தா?”

“நானா? கணக்குத்தான் டாக்டர் சாப். கழிவுக் கணக்கு.”

“எந்து கழிவு?”

பாய் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். ஆகாயம் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களைப் பார்க்கிற பார்வை.

“ஈரக் கழிவு. பதினஞ்சுக்கு ஒண்ணு. அப்புறம் சாக்குக்கு அரைக் கிலோ. பச்சைக் கொப்பரையா இருந்தா கூடவும் கழிக்கலாம், நான் அநியாயம் பண்றதில்ல. இருபது வருசமா இதே கையாலதான் நிறுக்குறேன். எந்த நிக்கோபாரியும் ஒரு நாள் வந்து மீரான் கழிச்சது தப்புன்னு சொன்னதில்ல.”

“இது குட்டியாணு பாய். கொப்பரையல்லா.”

“குட்டிக்கும் ஈரம் இருக்குல்ல சாப்? தூக்கினதும் என் வேட்டியே நனைஞ்சிருச்சே.”

“சரி, என்னைத் தொங்கவிட்டபோது சாக்கு எங்கே இருந்தது?” என்று நான் கேட்டேன். இளைத்ததாக நம்பிய அரைக் கிலோ பறிபோன துக்கம் எனக்கு.

“சாக்கு இல்லாம யாரு தம்பி தொங்குவா,” என்றார் பாய்.

டாக்டர் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். அங்கேதான் என் பங்கு வெளிவந்தது. பாய் பதின்மூன்றரை என்று அறிவித்ததும், சாக்கோடு சேர்த்து நிறுத்திருக்கிறாரே என்று பொறுப்பாக நானும் சாக்குக்கு அரைக் கிலோ கழித்துப் பதின்மூன்று என்று எழுதியிருந்தேன். ஒவ்வொரு தடவையும்.

“கொள்ளாம். பதின்மூன்று. பின்னே ஞான் சட்டைக்கும் வெள்ளி அரைஞாணுக்கும் சேர்த்து...” டாக்டர் சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவர் கழித்தது கால் கிலோ. பன்னிரண்டே முக்கால்.

டாக்டர் நோட்டின் ஓரத்தில் திருப்பிக் கூட்டினார்: தூக்குக்கோல் காட்டியது பதினைந்து. சாக்கும் சட்டையும் போகக் குழந்தையின் சொந்த எடை பதினான்கேகால். சிவப்புக் கோட்டுக்கு ஒன்றேகால் கிலோ மேலே இருந்தவளை, மூன்று ஜாக்கிரதைக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கழித்துக் கோட்டுக்குக் கீழே இறக்கியிருந்தோம். அரை மாத்திரை பெற வேண்டியவள் கால் மாத்திரையில் காய்ச்சலோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். மற்றப் பிள்ளைகளின் எடைகளையும் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். அவர்கள் கோட்டை விட்டுத் தூரத்தில் இருந்ததால் தப்பித்தார்கள்.

ராமையா கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் கமலாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

“அப்ப மருந்து கேக்கும்ங்களா?” என்றான். “அளவுதான் கொறைஞ்சிச்சா? கேக்கும்ல?”

“கேக்கும்,” என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “மூணு நாள், அரை வீதம். ஒண்ணரை மாத்திரை வேணம். எத்தற உண்டு?”

“முக்கால்,” என்றேன். ஒவ்வொரு காலும் மிக நேர்த்தியாக வெட்டப்பட்டது என்று சேர்த்துச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

பாயின் இடுப்பு

மீரான் பாய் கல்லாப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷத்தில் முதல் முறையாக அவருடைய கழிவு தவறாகியிருக்கிறது. தாடி மார்பில் இடிக்கத் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். பிறகு மெல்ல எழுந்து, இடுப்பில் கட்டியிருந்த அகலமான பச்சை பெல்ட்டின் பையைத் திறந்து, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்றை எடுத்து டாக்டரின் கையில் வைத்தார்.

பிரித்தால் ஒரு முழு மாத்திரை. காய்ந்து, முறுகலாக, நேற்றுச் செய்தது போல.

காய்ச்சல் வராமல் தடுக்கப் பெரியவர்கள் எல்லோருக்கும் நாங்கள் வாரம் ஒன்று கொடுத்து வந்தோம். பாய் தவறாமல் வந்து வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போவார்.

“இது போன மாசத்தது,” என்றார் பாய் தரையைப் பார்த்துக்கொண்டு.

“விழுங்கினில்லே?”

“கசக்குது சாப்.”

“மத்ததெல்லாம்?”

“கடலுக்குத் தெரியும். இது மட்டும் போடல. அன்னிக்கு அலை ஜாஸ்தி, கப்பல் ஜெட்டி வரைக்கும் போக முடியல.”

டாக்டருக்குத் திட்டுவதா கட்டிப் பிடிப்பதா என்று தெரியவில்லை. மலையாளத்தில் ஏதோ சொன்னார். இரண்டும் அதில் இருந்திருக்க வேண்டும். வாரா வாரம் ஒழுங்காக விழுங்கிவந்த நான், அன்று ஒரு நாள்தான் என் ஒழுக்கத்துக்காக வருத்தப்பட்டேன்.

ஒன்றும் முக்காலும். தேவை ஒன்றரை. மிச்சம் ஒரே ஒரு கால்.

கடைசிக் கால்

அந்த மிச்சக் கால் முதல் நாளே போய்விட்டது. பாய் தன் கடையிலிருந்து கொண்டுவந்த கெட்டிப் பாலில் முதல் காலைக் குழைத்துக் கொடுத்தேன். கமலா பாலை நாக்கில் வைத்தாள். ஒரு கணம் நம்பினாள். பிறகு கசப்பு வந்தது. மொத்தமும் என் சட்டையில் வந்தது. அவளுக்குக் கொஞ்சம் தெம்பு திரும்பிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சட்டையில் வழிந்த காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி துப்பினால் கிடையாது.

“சின்ன மகளே, எனக்கும் அது புடிக்காது,” என்று ஒரு குரல் கேட்டது. பாய் லயத்து வாசலில் குந்தி உட்கார்ந்திருந்தார். “நானும் துப்புற ஆளுதான். டாக்டர் சாபைக் கேட்டுப் பாரு.”

கமலா பக்கத்தில் நின்ற டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கடுமையாகத் தலையை ஆட்டினார்.

“நீங்களும் குடிங்க,” என்றாள் கமலா.

பாய்க்குக் கொடுக்க மாத்திரை ஏது? ஆனால் செல்லம்மா கூரைமேல் ஏற்றிவிட்டிருந்த பாகற்கொடியில் காய்கள் தொங்கின. நாலைந்து காய்களை அம்மியில் வைத்து நசுக்கி ஒரு டம்ளர் நிறையச் சாறு பிழிந்து கொண்டுவந்தாள். கமலா விரலால் தொட்டு நக்கிப் பார்த்து, கசப்பு சரிதான் என்று தலையாட்டினாள். மோசடிக்கு இடமில்லை.

பாய் டம்ளரை எடுத்தார். கண்ணை மூடினார். குடித்தார். அவருடைய முகத்தில் நடந்ததை வர்ணிக்க எனக்குத் திறமை போதாது. முதலில் புருவங்கள் ஒன்றோடொன்று மோதின. மூக்கு ஒரு பக்கம் போனது. தாடி மட்டும் தனியாக நடுங்கியது. கடைசியில் “அல்லாவே” என்று ஒரு சத்தம், வயிற்றின் அடியிலிருந்து.

இத்தனை நாட்களில் முதல் முறையாகக் கமலா சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், பேரம் பேரம்தான் என்று வாயைத் திறந்தாள். விழுங்கினாள். அழுதாள். ஆனால் துப்பவில்லை. பிறகு பாயின் பக்கம் திரும்பி, “வாயத் தொறங்க,” என்றாள். பாய் திறந்தார். “நாக்கத் தூக்குங்க.” தூக்கினார்.

மூன்று நாள் இது நடந்தது. இரண்டாம் நாள், கொஞ்சம் கெட்டிப் பால் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று பாய் கெஞ்சினார். கமலா சம்மதிக்கவில்லை. மூன்றாம் நாள் கடைசி இரண்டு கால்களும் கரண்டியில் இருந்தன. ராமையா, செல்லம்மா, டாக்டர், நான், எல்லோரும் ஒரு சின்னத் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தொண்டை அசைந்தது. கட்சாலில் இருந்த மாத்திரை அத்தோடு தீர்ந்தது.

பத்து மணி

மறுநாள் காய்ச்சலுக்கு வந்து பழக்கப்பட்ட நாள். டாக்டர் கையில் ஸ்டெதஸ்கோப்போடு லயத்துக்கு வந்தார். கிணற்றைப் பார்க்க வந்தேன் என்றார். கிணறு லயத்தின் மறுகோடியில் இருந்தது. பாய் ஒரு சாக்கைத் தேடி வந்தேன் என்றார். நான் கோழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருந்தது. ராமையா வேலைக்குப் போகாமல், ஏற்கெனவே கூராக இருந்த கத்தியை வாசற்படியில் தீட்டிக்கொண்டிருந்தான்.

“என்னாங்க, எல்லாருக்கும் இன்னைக்கு லீவா?” என்றாள் செல்லம்மா. இரண்டு கம்பளியையும் மடித்துக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருந்தாள்.

கமலா மண்ணில் உட்கார்ந்து கொட்டாங்கச்சியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்களை அவள் கவனிக்கவில்லை.

தோட்டத்தில் பத்து மணி தேநீருக்குத் தண்டவாளத் துண்டைத் தட்டினார்கள். பத்து அடி. ராமையாவின் கத்தி நின்றது. டாக்டர் போய்க் கமலாவின் நெற்றியில் கை வைத்தார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஈரக் கைதான், சூடில்லை.

கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. வேலைக்குத் திரும்பச் சொல்லி மறுபடி மணி அடித்தது.

“வரல்லைங்க,” என்றான் ராமையா. யாரிடமும் இல்லாமல் சொன்னான்.

“இனி வராது,” என்றார் டாக்டர். மலையாளம் கலக்காத சுத்தமான தமிழில்.

கட்சாலில் இருந்த வருஷங்களில் நாங்கள் கப்பலுக்குக் காத்திருந்தோம், கடிதத்துக்கும் சர்க்கரைக்கும் காத்திருந்தோம். வராதபோதெல்லாம் திட்டித் தீர்த்தோம். ஒன்று வராமல் போனதற்காக ஆண்கள் நான்கு பேர் முற்றத்தில் நின்று, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தது அன்று ஒரு நாள்தான். பாய் தன் சாக்கை மிகத் தீவிரமாகத் தேட ஆரம்பித்தார்.

செல்லம்மா மடித்து வைத்திருந்த கம்பளிகளை எடுத்து முகத்தோடு சேர்த்துக்கொண்டாள்.

“இருங்க, தேத்தண்ணி போடுறேன்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெகு நேரம் அவள் வரவில்லை. அடுப்பு மூட்டுகிற சத்தமும் கேட்கவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.